வாரம் தவறாத டயாலிசிஸ், ஓயாத உழைப்பு: லோக்நாயக் ஜே.பி.



அக்டோபர் என்றதும் காந்தி ஜயந்தியும் நவராத்திரி கொலுவும் உங்களுக்கு நினைவுக்கு வரும். அதே மாதத்தில் இன்னொரு பெரியவரின் நினைவு நாளும் (8) பிறந்த நாளும் (11) மூன்று நாள் இடைவெளியில் வருகின்றன. அவர் ஜெயப்பிரகாஷ் நாராயண். நாடு முழுவதும் ஜே.பி. என்றே அழைத்தது. மக்கள் தலைவர் என்ற பொருளில் லோக்நாயக் என்றும் சொன்னார்கள்.

நம்மில் அறுபதைத் தாண்டியவர்கள் நெருக்கடி நிலைக் காலத்தை வைத்து அவரை நினைவில் வைத்திருப்பீர்கள். இளையவர்கள் பள்ளிப் பாடத்தில் ஒரு பத்தியாகப் படித்திருப்பீர்கள். அந்தப் பத்தியில் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு செய்தி உண்டு. 73 வயதில் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. அதன் பிறகு ஏறக்குறைய 4 ஆண்டுகள் டயாலிசிஸ் இயந்திரத்தின் துணையோடுதான் உயிர் வாழ்ந்தார். இந்திய அரசியலையே புரட்டிப்போட்ட 1977 தேர்தல் வேலையை அவர் செய்தது அந்த 4 ஆண்டுகளுக்குள்தான்.

இதை இப்போது ஏன் எழுதுகிறோம்? பெரிய குடியிருப்பு எதுவானாலும் வாரத்தில் 2, 3 நாள் டயாலிசிஸுக்குப் போய் வருகிறவர் ஒருவராவது இருப்பார். கையில் பிளாஸ்திரியோடு லிஃப்டில் எதிர்ப்படும்போது என்ன பேசுவது என்று தெரியாமல் நாம் தரையைப் பார்ப்போம். இனி அவ்வளவுதான் என்று மனதுக்குள் ஒரு முடிவும் கட்டிவிடுவோம். அந்த முடிவு எவ்வளவு அவசரமானது என்பதற்கு ஜே.பி.யின் வாழ்க்கை நல்ல சாட்சி. அரசியலில் உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும். இந்தக் கதையை ஒரு மனிதரின் கதையாகப் படியுங்கள்.

கங்கைக்கரைப் பையன்

பீகாரில் கங்கையும் சரயுவும் கலக்கும் பகுதியில் உள்ள சிதாப்தியாரா கிராமத்தில் 1902 அக்டோபர் 11 அன்று பிறந்தார் ஜே.பி. படிப்பில் கெட்டிக்காரர். பாட்னா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒத்துழையாமை இயக்கம் வந்தது. தேர்வுக்குச் சில நாட்களே இருந்த நிலையில் 1921இல் கல்லூரியை விட்டு வெளியேறினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரபாவதியுடன் அவருக்குத் திருமணம் நடந்திருந்தது. பிரபாவதியின் தந்தை பிரஜகிஷோர் பிரசாத், சம்பாரண் போராட்டத்தில் காந்தியோடு நின்ற வழக்கறிஞர்.

1922இல் மேல்படிப்புக்காக அமெரிக்கா போனார். வசதியான வீட்டுப் பையனாக அங்கே அவர் வாழவில்லை. திராட்சைத் தோட்டத்தில் பழம் பறித்தார், பழங்களை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், உணவகத்தில் பாத்திரம் கழுவினார். பெர்க்லியில் கட்டணம் கூடியதால் அயோவாவுக்கு மாறினார். அங்கிருந்து விஸ்கான்சின், பிறகு ஒஹாயோ. 7 ஆண்டுகள் கழித்து 1929இல் ஊர் திரும்பியபோது அவர் ஒரு மார்க்சியவாதி. அந்த ஆண்டுகளில் பிரபாவதி காந்தியின் ஆசிரமத்தில் வளர்ப்பு மகளைப்போல இருந்து, பிரம்மச்சரிய விரதமும் எடுத்திருந்தார். கணவர் அந்த விரதத்தை மதித்தார். இருவரும் கடைசிவரை பொதுவாழ்க்கைத் தோழர்களாகவே வாழ்ந்தார்கள்.

1932இல் அவரைக் கைது செய்தார்கள். எங்கே தெரியுமா? நம் சென்னையில்தான். இங்கிருந்து நாசிக் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அச்சிறையில் கூடிய இளைஞர்களின் பேச்சிலிருந்துதான் 1934இல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி பிறந்தது.

1942 தீபாவளி இரவுச் சம்பவம் அவரை நாடறிந்த வீரராக்கியது. ஹசாரிபாக் மத்திய சிறையில் காவலர்கள் பண்டிகைக் கொண்டாட்டத்தில் இருந்த நேரம் பார்த்து, வேட்டிகளை முடிச்சுப்போட்டுக் கயிறாக்கி, மேலும் ஐந்து பேரோடு மதில் ஏறிக் குதித்துத் தப்பினார். மறுபடி பிடிபட்டது 1943இல், ஓடும் ரயிலில். லாகூர்க் கோட்டையில் கடும் சித்திரவதைக்கு ஆளானார். 1946 ஏப்ரலில்தான் விடுதலை.

சுதந்திரம் வந்தபின் அமைச்சர் பதவி அவருக்கு எட்டாத கனி அல்ல. அவர் அதைத் தேடவில்லை. 1954இல் புத்தகயாவில் வினோபா பாவேயின் பூதான இயக்கத்துக்குத் தன் வாழ்நாளையே அர்ப்பணிப்பதாக அறிவித்தார். அடுத்த 20 ஆண்டுகள் கிராமம் கிராமமாக நடந்தார். நாகாலாந்து அமைதிப் பேச்சில் பங்கெடுத்தார். 1965இல் மகசேசே விருது பெற்றார். 1972இல் சம்பல் பள்ளத்தாக்கின் கொள்ளைக்காரர்கள் நூற்றுக்கணக்கில் ஆயுதங்களைக் கீழே வைத்துச் சரணடைந்தது அவருடைய முயற்சியால்தான்.

1973 ஏப்ரலில் பிரபாவதி புற்றுநோயால் காலமானார். ஜே.பி.க்கு அப்போது 70 வயது. நீரிழிவும் இதயக் கோளாறும் ஏற்கனவே உண்டு. வீடு வெறிச்சோடிவிட்டது. இனி ஓய்வுதான் என்று உறவினர்களும் நினைத்தார்கள்.

மாணவர்கள் வந்து நின்றார்கள்

1974இல் பீகார் மாணவர்கள் விலைவாசி உயர்வையும் ஊழலையும் எதிர்த்துக் கிளம்பினார்கள். தலைமை ஏற்கும்படி ஜே.பி.யிடம் வந்து நின்றார்கள். வன்முறை கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். இடையில் உடல் படுத்தியது. அந்த ஆண்டு ஏப்ரலில் புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்காக நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து தங்கினார். தேறி எழுந்து பாட்னா திரும்பி, ஜூன் 5 அன்று காந்தி மைதானத்தில் மாபெரும் கூட்டத்தின் முன் முழுப் புரட்சி என்ற முழக்கத்தை வைத்தார்.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அன்று மாலை டெல்லி ராம்லீலா மைதானத்தில் பேசிவிட்டு, காந்தி அமைதி நிறுவனத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஜே.பி.யை விடியுமுன் எழுப்பிக் கைது செய்தார்கள். ஜூலை தொடக்கத்தில் சண்டிகர் கொண்டுபோய், அங்குள்ள பெரிய அரசு மருத்துவமனையிலேயே காவலில் வைத்தார்கள். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. நாட்குறிப்பு எழுதினார். அது பிறகு புத்தகமாகவும் வந்தது.

அப்போது சண்டிகரின் மாவட்ட மாஜிஸ்திரேட்டாக இருந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த எம்.ஜி. தேவசகாயம் ஐ.ஏ.எஸ். ஜே.பி.யைக் காவலில் வைத்திருக்கும் பொறுப்பு அவருடையது. அந்தப் பொறுப்போடு மரியாதையும் அக்கறையும் காட்டினார். ஜே.பி.யின் உடல்நிலை கெட்டுக்கொண்டே போவதை மேலிடத்துக்கு உணர்த்த முயன்றவர்களில் அவரும் ஒருவர். அந்த நாட்களைப் பற்றிப் பின்னாளில் ஒரு நூலும் எழுதினார்.

நவம்பரில் சிறுநீரகங்கள் கைவிட்டுவிட்டன என்பது தெளிவானது. நவம்பர் 12 அன்று பரோலில் விட்டார்கள். டெல்லி வழியாக, மாதக் கடைசிக்குள் பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். பிழைப்பார் என்று உடன் இருந்தவர்களில் பலருக்கு நம்பிக்கை இல்லை. அங்கே அவருக்குச் சிகிச்சை அளித்த சிறுநீரக மருத்துவர் டாக்டர் எம்.கே. மணி. பிற்காலத்தில் சென்னையில் பல்லாண்டுகள் பணியாற்றி நம் மக்களுக்கு நன்கு அறிமுகமானவர். ஜே.பி.யின் டயாலிசிஸ் வாழ்க்கை தொடங்கியது.

அந்த இயந்திரம் என்ன செய்கிறது?

கதையைச் சற்று நிறுத்தி, இதை மட்டும் பார்த்துவிடுவோம். நம் சிறுநீரகங்கள் இரவும் பகலும் ரத்தத்தைச் சுத்தம் செய்து, கழிவையும் மிகுதி நீரையும் வெளியேற்றுகின்றன. அவை நின்றுவிட்டால் அந்த வேலையை வெளியே ஓர் இயந்திரம் செய்ய வேண்டும். உடலிலிருந்து ரத்தம் ஒரு குழாய் வழியாக டயாலைசருக்குப் போகிறது. இன்று நாம் பார்க்கும் டயாலைசருக்குள் தலைமுடியைப் போன்ற ஆயிரக்கணக்கான மெல்லிய குழல்கள். உள்ளே ரத்தம், வெளியே தனிக் கலவைநீர். கழிவுகள் குழலின் சுவரைத் தாண்டிக் கலவைநீருக்குப் போய்விடும். சுத்தமான ரத்தம் உடலுக்குத் திரும்பும். ஒரு முறைக்குச் சுமார் 4 மணி நேரம். பெரும்பாலானவர்களுக்கு வாரம் 3 முறை. அந்தக் கலவைநீருக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் 100 லிட்டருக்கு மேல் சுத்திகரித்த தண்ணீர் செலவாகும்.

முதல் இயந்திரத்தை வடிவமைத்தவர் நெதர்லாந்து மருத்துவர் வில்லம் கோல்ஃப். இரண்டாம் உலகப்போர் நடுவே, 1943இல், கையில் கிடைத்த பொருட்களை வைத்தே செய்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக ரத்தக் குழாயைத் திறக்க வேண்டியிருந்ததால் தொடர்ந்து செய்ய வழியில்லை. 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையிலேயே நிலையாக விட்டுவைக்கக்கூடிய டெஃப்லான் குழாயைக் கண்டுபிடித்தார். அதைப் பொருத்திக்கொண்ட முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் மேலும் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். 1966இல் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா முறை வந்தது. இன்று நம் பக்கத்து வீட்டுக்காரரின் கையில் புடைத்துத் தெரிவது அதுதான்.

ஆக, ஜே.பி. டயாலிசிஸ் தொடங்கிய 1975இல் இந்தச் சிகிச்சைக்கு வயது 15தான். இந்தியாவில் ஒருசில பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே அந்த வசதி. இன்று மாவட்டத் தலைநகரங்களிலேயே கிடைக்கிற ஒன்று, அன்று பெரும்பாலோருக்குக் கேள்விப்படாத செய்தி.

திருப்பி அனுப்பிய 90,000 ரூபாய்

மருத்துவமனைக்குள்ளேயே இருந்துவிட்டால் உயிர் தங்கும், ஆனால் ஜே.பி. பாட்னாவுக்குப் போக விரும்பினார். அதற்கு வீட்டில் வைத்துக்கொள்ளும் இயந்திரம் வேண்டும். விலை மிக அதிகம். சேமிப்பு என்று அவரிடம் எதுவும் இல்லை. நண்பர்கள் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டார்கள். எளிய மக்கள் சிறு சிறு தொகையாக அனுப்பினார்கள்.

பிரதமர் இந்திரா காந்தியும் பிரதமரின் நிவாரண நிதியிலிருந்து 90,000 ரூபாய் அனுப்பினார். தன்னைச் சிறையில் வைத்த அரசின் தலைவர் அனுப்பிய தொகை. ஜே.பி. கோபமாகப் பேசவில்லை. தேவையான பணம் மக்களிடமிருந்தே வந்துவிட்டது என்று மரியாதையாகத் தெரிவித்து, அதைத் திருப்பிவிட்டார்.

1976 நடுவில் பாட்னா கதம்குவான் பகுதியில் இருந்த அவர் வீட்டில் இயந்திரம் வந்து அமர்ந்தது. யோசித்துப் பாருங்கள். நல்ல தண்ணீர் வேண்டும், மின்சாரம் நிற்கக் கூடாது, உடன் இருப்பவர்கள் அதை இயக்கப் பழகியிருக்க வேண்டும். தண்ணீர் லாரிக்கும் ஜெனரேட்டருக்கும் நம் அசோசியேஷன் படும் பாட்டை நினைத்தால், 1976 பாட்னாவில் இது எவ்வளவு பெரிய ஏற்பாடு என்பது உங்களுக்குப் புரியும்.

அந்த அறைதான் அவருடைய அலுவலகமாகவும் ஆனது. கடிதங்கள் வந்தன, போயின. தலைவர்கள் வந்தார்கள். பம்பாயில் இருந்தபோதே, 1976 மே மாதம், எதிர்க்கட்சிகள் ஒன்றாக வேண்டும் என்ற திட்டத்தை வெளிப்படையாக முன்வைத்திருந்தார். பழைய காங்கிரஸ், ஜனசங்கம், பாரதிய லோக் தளம், சோஷலிஸ்ட் கட்சி என்று நான்கும் நான்கு திசை. அவற்றை ஒரு கூரைக்குள் கொண்டுவருவது, பிளாக்குக்கு ஒரு கருத்து வைத்திருப்பவர்களை ஒரே பொதுக்குழுத் தீர்மானத்துக்குக் கொண்டுவருவதைவிடப் பலமடங்கு கடினம்!

தேர்தல் சுற்றுப்பயணம்

1977 ஜனவரி 18 அன்று தேர்தல் அறிவிப்பு வந்தது. சிறையிலிருந்து தலைவர்கள் விடுதலையானார்கள். வாக்குப்பதிவுக்கு 2 மாதம்கூட இல்லை. ஒரே கட்சியாக இணையாவிட்டால் பிரசாரத்துக்கு வர மாட்டேன் என்று ஜே.பி. உறுதியாகச் சொல்லிவிட்டார். ஒரு வாரத்துக்குள் ஜனதா கட்சி உருவானது.

பிறகு அவரே களத்தில் இறங்கினார். பிப்ரவரி 6 அன்று டெல்லி ராம்லீலா மைதானத்தில் பெருங்கூட்டம். மக்களை வீட்டிலேயே இருத்திவைக்கத் தொலைக்காட்சியில் பாபி திரைப்படத்தைப் போட்டார்கள் என்பது அந்த நாளைப் பற்றிய பிரபலமான செய்தி. கூட்டம் குறையவில்லை. 20 மாதங்களுக்கு முன் எந்த மைதானத்தில் பேசிய அன்றிரவு கைதானாரோ, அதே மைதானத்தில் மறுபடி நின்றார். இப்போது கூடவே ஒரு இயந்திரத்தின் கால அட்டவணையும் வந்தது.

அதன்பின் பாட்னா, கல்கத்தா, பம்பாய், சண்டிகர், ஹைதராபாத், இந்தூர், புனே என்று பயணம். எந்த ஊரில் எத்தனை நாள் என்பதை டயாலிசிஸ்தான் முடிவு செய்தது. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் கிடைக்கும் நாட்களில் கூட்டம், மறுபடி சிகிச்சை, மறுபடி பயணம். டயாலிசிஸ் முடிந்த அன்று உடம்பு எப்படித் துவண்டுவிடும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அவரும் துவண்டார். அவருடைய பேச்சு நீளமாக இல்லை. குரலும் பழைய கம்பீரத்தோடு இல்லை. ஆனாலும் அந்த மெலிந்த உருவம் மேடைக்கு வந்து அமர்வதைப் பார்க்கவே மக்கள் காத்திருந்தார்கள்.

மார்ச்சில் முடிவு வந்தது. காங்கிரஸ் 154 இடங்களோடு நின்றது. பிரதமரே தன் தொகுதியில் தோற்றார். நம் தமிழ்நாட்டில் அந்த அலை அடிக்கவில்லை, இங்கே அ.தி.மு.க., காங்கிரஸ் கூட்டணிதான் பெருவாரியாக வென்றது. ஆனால் மத்தியில், சுதந்திரத்துக்குப் பின் முதன்முறையாக, காங்கிரஸ் அல்லாத ஆட்சி அமைந்தது. மார்ச் 24 அன்று புதிய உறுப்பினர்கள் ராஜ்காட்டில் காந்தி சமாதி முன் உறுதிமொழி எடுத்தார்கள். எடுத்துவைத்தவர் ஜே.பி. யார் பிரதமர் என்ற இழுபறியில் மொரார்ஜி தேசாய் பெயரைத் தீர்மானித்தவர்கள் அவரும் ஆச்சாரிய கிருபளானியும். தனக்கென எதையும் கேட்கவில்லை. தோற்றுப்போன இந்திரா காந்தியை அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்து ஆறுதல் சொல்லிவிட்டு வந்தார். இந்திராவின் தந்தை நேரு, ஜே.பி.யின் நெருங்கிய நண்பர். தாய் கமலா, பிரபாவதியின் உயிர்த்தோழி.

அந்த ஆண்டு மே மாதம் மேல்சிகிச்சைக்காக அமெரிக்கா போனார். போன ஊர் எது தெரியுமா? ஸ்கிரிப்னரின் சியாட்டில்.

இருண்ட நாட்களும் உண்டு

எல்லாமே வெற்றிக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சேர்த்துவைத்த கட்சி பதவிச் சண்டையில் சிதறியது. பாட்னா வீட்டிலிருந்து அதைப் பார்த்து வருந்தினார். முன்பு போல ஓடிப்போய்ச் சமாதானம் செய்து வைக்க உடம்பில் வலு இல்லை. 1979 ஜூலையில் மொரார்ஜி ஆட்சி கவிழ்ந்தது.

அதற்கு முன், 1979 மார்ச்சில், ஒரு விநோதம் நடந்தது. ஜே.பி. ஜஸ்லோக்கில் கவலைக்கிடமாக இருந்தார். தவறான தகவலை நம்பி அவர் இறந்துவிட்டதாக நாடாளுமன்றத்திலேயே பிரதமர் அறிவித்துவிட்டார். இரங்கல் உரைகள் நடந்தன, அவை ஒத்திவைக்கப்பட்டது. பிறகுதான் அவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தது! தனக்கு நாடு செலுத்திய அஞ்சலிக்குப் பிறகும் 6 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார். அக்டோபர் 8 அன்று, 77ஆவது பிறந்த நாளுக்கு மூன்று நாள் முன்பு, பாட்னாவில் காலமானார். 1999இல் அவருக்குப் பாரத ரத்னா வழங்கப்பட்டது.

நமக்கு இதில் என்ன?

ஒரு எளிய கணக்கு. வாரத்தில் 168 மணி நேரம். 3 முறை, 4 மணி நேரம் என்றால் டயாலிசிஸுக்கு 12 மணி. போக வர, களைப்பாற என்று இன்னும் இரண்டு மடங்கு சேர்த்தாலும் 36 மணி. மீதி 132 மணி நேரம் அவர்கள் கையில் இருக்கிறது. அந்த நேரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. பேரப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவர்கள் உண்டு. வேறு ஊரில் உள்ள மையத்தில் முன்பதிவு செய்துகொண்டு கல்யாணத்துக்குப் போய் வருகிறவர்களும் உண்டு.

ஜே.பி. செய்தாரே, உங்களால் ஏன் முடியவில்லை என்று யாரையும் கேட்பதற்காக இதை எழுதவில்லை. ஒவ்வொருவர் உடம்பும் வேறு. சிலருக்கு லிஃப்ட் வரை நடப்பதே அன்றைய சாதனை. ஜே.பி.க்கும் அருகில் தேர்ந்த மருத்துவர்களும், இயந்திரத்தைக் கவனிக்க ஆட்களும், பணம் அனுப்பிய ஆயிரக்கணக்கான முகமறியாத மக்களும் இருந்தார்கள். அவருடைய மனவுறுதி பெரியது. அதற்குத் தோள் கொடுத்த கூட்டமும் பெரியது. அந்தத் தோளைத்தான் அக்கம்பக்கத்தவராகிய நாம் கொடுக்க முடியும். சில நடைமுறைக் குறிப்புகள்:

1. பார்க்கப் போகும்போது இளநீரும் வாழைப்பழமும் வாங்கிப் போகாதீர்கள். நமக்கு நல்லதென்று தோன்றும் இவற்றில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் அது தேங்கி இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். என்ன சாப்பிடலாம் என்று வீட்டாரைக் கேட்டுக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு போனாலும் தவறில்லை.

2. காபி, மோர், தண்ணீர் என்று வற்புறுத்தாதீர்கள். அவர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டு. பாதி டம்ளர் போதும் என்றால் பாதிதான் கொடுங்கள். ஊறுகாய், அப்பளம், வற்றல் போன்ற உப்புப் பண்டங்களும் வேண்டாம். உப்பு தாகத்தைக் கூட்டும்.

3. ஃபிஸ்டுலா உள்ள கை அவர்களுடைய உயிர்நாடி. அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, கனமான பையைத் தூக்கவிடக் கூடாது. நம் வளாகத்தில் மருத்துவ முகாம் நடத்தும்போது தன்னார்வலர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

4. டயாலிசிஸ் நாள் தவறக் கூடாது. மழை, வெள்ளம், பந்த் என்றால் முதலில் அவர்கள் வீட்டுக்குத்தான் போன் செய்ய வேண்டும். கார் வைத்திருப்பவர்கள் ஒரு நாள் கொண்டுபோய் விட்டால் அது பெரிய உதவி.

5. லிஃப்ட் பராமரிப்பு வேலையை அவர்கள் திரும்பி வரும் நேரத்தில் வைக்காமல் இருக்கலாம். வாசலருகே வண்டி நிறுத்த இடம் விடலாம். செக்யூரிட்டிக்கு ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும்.

6. வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் உண்டு. அவர்களுக்கு மருந்துநீர்ப் பெட்டிகள் மொத்தமாக வரும். வாட்ச்மேன் அறையில் வெயில் படாமல் வைத்து, மேலே கொண்டுபோகக் கைகொடுங்கள்.

7. அசோசியேஷன் வேலைகளுக்கு அவர்களையும் கூப்பிடுங்கள். கணக்குத் தணிக்கை, நூலகப் பொறுப்பு, இந்த இதழுக்குக் கட்டுரை என்று உட்கார்ந்தபடி செய்யக்கூடிய பணிகள் எத்தனையோ. முடியாது என்றால் அவர்களே சொல்வார்கள். நாமாக விட்டுவிட வேண்டாம்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் அடங்கும். ஏழைகளுக்காக மாவட்ட மருத்துவமனைகளில் மத்திய அரசின் தேசிய டயாலிசிஸ் திட்டமும் 2016 முதல் நடக்கிறது. நம் வீடுகளில் வேலை செய்யும் அம்மாக்களுக்கும் காவலர் அண்ணன்களுக்கும் இது தெரியாமல் இருக்கலாம். நீங்கள் சொல்லுங்கள்.

கடைசியாக, நம் எல்லோருக்கும் ஒன்று. சிறுநீரகம் கெட்டுப்போவதற்கு முக்கியக் காரணங்கள் நீரிழிவும் ரத்த அழுத்தமும். பெரும்பகுதி பழுதாகும்வரை வலி எதுவும் தெரியாது. இந்த இரண்டில் ஒன்று இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துவிடுங்கள். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் நாமாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளை நிறுத்துங்கள்.

அடுத்த முறை கையில் பிளாஸ்திரியோடு ஒருவர் உங்களோடு லிஃப்டில் ஏறினால், நலமா என்று கேளுங்கள். அடுத்து, இந்த வாரம் என்ன திட்டம் என்றும் கேளுங்கள். அவரிடம் பெரும்பாலும் ஒரு திட்டம் இருக்கும்.